கூர்ச்சீட்டும் பார்ட்டிஷன் டேபிளும்

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு சித்தி பையன்கிட்ட இருந்து போன். "அண்ணே, லேப்டாப்புல டி டிரைவைக் காணும்ணே." குரல் அழுவுற மாதிரி இருந்துச்சு. "என்னடா பண்ணே?"ன்னேன். "ஒண்ணும் பண்ணலண்ணே"ன்னான். எல்லாரும் முதல்ல இதைத்தான் சொல்வாங்க. நானும் ஒரு காலத்துல சொன்னவன்தான். ரெண்டாவது தடவை கேட்டதும் உண்மை வந்துச்சு. சி டிரைவ் நிறைஞ்சிடுச்சாம். நெட்ல கிடைச்ச ஏதோ ஒரு பார்ட்டிஷன் சாஃப்ட்வேரை இறக்கி, டி-ல கொஞ்சம் வெட்டி சி-ல ஒட்டப் பாத்திருக்கான். பாதியில ஹேங் ஆயிடுச்சு.

"இனிமே எதையும் தொடாதே. ஆஃப் பண்ணி வை. ஞாயித்துக்கிழமை வரேன்"னு சொல்லிட்டு வெச்சேன். அப்புறம் எங்க தூங்குறது? கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சு 2016-ல போய் நின்னுச்சு. அந்தக் கதையைச் சொல்லணும்னா 1983-க்குப் போகணும். 1983 புரியணும்னா எங்க ஊரோட 1690-க்குப் போகணும். பதிவு கொஞ்சம் நீளம். ஆணி கம்மியா இருக்குற நேரமா பாத்துப் படிங்க மக்களே :)

பீரங்கி போட்ட எல்லை

எங்க ஊர் கடலூர். வெள்ளி கடற்கரைக்குப் போறவங்க தேவனாம்பட்டினம் வழியாத்தான் போகணும். அந்தப் பக்கம்தான் செயின்ட் டேவிட் கோட்டை இருந்துச்சு. இப்ப மிச்சம் இருக்குறது கொஞ்சம் இடிபாடுதான். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தக் கோட்டையை மராட்டியர்கிட்ட இருந்து விலைக்கு வாங்கினாங்க. அப்ப செஞ்சியில ராஜாராம் இருந்தார், மொகலாயப் படை நெருக்கிக்கிட்டு இருந்த சமயம். சென்னையில கம்பெனி கவர்னரா எலிஹு யேல் இருந்தார்.

கோட்டை சரி, அதோட சேர்த்து எவ்வளவு நிலம்? அங்கதான் வேடிக்கை. கோட்டையில இருந்து பீரங்கியில சுட்டா குண்டு எதுவரைக்கும் போய் விழுதோ, அதுவரைக்கும் கம்பெனிக்குச் சொந்தம்னு பேச்சு. சுட்டாங்க. குண்டு விழுந்த எல்லைக்குள்ள இருந்த ஊர்களுக்கு 'குண்டு கிராமம்'னே பேர் வந்துடுச்சு. கடலூரும் அதுக்குள்ளதான் வந்துச்சு.

ஒண்ணை மட்டும் கவனிங்க. குண்டு விழுறதுக்கு முன்னாடி நாளும் அங்க அதே வயல்தான், மறுநாளும் அதே வயல்தான். கிணறு நகரல, பனைமரம் நகரல. மாறினது ஒரு கணக்கு மட்டும்: இந்த இடத்துல இருந்து இந்த இடம் வரைக்கும் இன்னாருக்குன்னு ஒரு காகிதத்துல எழுதின வரி. ஹார்ட் டிஸ்க்குல பார்ட்டிஷன்னு சொல்றதும் இதேதான்.

64 பைட் பத்திரம்

1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசி ஃபிளாப்பியை நம்பித்தான் ஓடுச்சு. 1983 மார்ச்சுல ஐபிஎம் பிசி எக்ஸ்டி வந்துச்சு, 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோட. அதோட வந்த டாஸ் 2.0-லதான் எஃப்டிஸ்க்னு ஒரு நிரல். ஒரே டிஸ்க்குல டாஸும் இருக்கலாம், வேற ஆப்பரேட்டிங் சிஸ்டமும் இருக்கலாம்னு நினைச்சு, டிஸ்க்கைப் பாகம் பிரிக்க ஒரு ஏற்பாடு பண்ணாங்க.

அந்த ஏற்பாடு இருக்குற இடம் டிஸ்க்கோட முதல் செக்டர். மாஸ்டர் பூட் ரெக்கார்டுன்னு பேர். மொத்தம் 512 பைட். அதுல முதல் 446 பைட் கம்ப்யூட்டரைக் கிளப்புற கோட். கடைசி 2 பைட் ஒரு முத்திரை. நடுவுல இருக்குற 64 பைட்தான் பார்ட்டிஷன் டேபிள். ஒரு பாகத்துக்கு 16 பைட், ஆக நாலே நாலு பாகம்.

பதினாறு பைட்டுக்குள்ள என்ன இருக்கும்? எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது, எத்தனை செக்டர், உள்ள என்ன வகை, இதுல இருந்து பூட் ஆகணுமா. அவ்வளவுதான். நிலப் பத்திரத்துல சக்குபந்தி எழுதுவாங்கல்ல, 'கிழக்கே இன்னார் கொல்லை, மேற்கே வண்டிப்பாதை'ன்னு, அதே சமாச்சாரம். உங்க கல்யாண போட்டோ, ப்ராஜெக்ட் ரிப்போர்ட், டவுன்லோட் பண்ண படம் எதுவும் இந்த 64 பைட்டுல கிடையாது. ஆனா இது போச்சுன்னா கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் எங்க இருக்குன்னே தெரியாது.

நாலு பாகம் பத்தாம போச்சு. 1987-ல் வந்த டாஸ் 3.3 ஒரு ஒட்டு வேலை பண்ணுச்சு. நாலுல ஒண்ணை 'எக்ஸ்டெண்டட்'னு வெச்சுக்கிட்டு, அதுக்குள்ள எத்தனை லாஜிக்கல் டிரைவ் வேணும்னாலும் போட்டுக்கலாம். ஆனா அதுக்கெல்லாம் ஒரே இடத்துல பட்டியல் கிடையாது. ஒவ்வொரு லாஜிக்கல் டிரைவுக்கும் முன்னாடி ஒரு செக்டர்ல, 'என் டிரைவ் இங்க இருக்கு, அடுத்தவன் அங்க இருக்கான்'னு எழுதி வெச்சிருக்கும். புது ஊர்ல விலாசம் கேட்டா, 'நேரா போயி அந்த டீக்கடையில கேளுங்க'ம்பாங்க. டீக்கடைக்காரர் 'ரேஷன் கடையில கேளுங்க'ம்பார். அந்த மாதிரிச் சங்கிலி. நடுவுல ஒரு டீக்கடை மூடியிருந்தா அதுக்கு அப்புறம் இருக்குற எல்லா வீடும் காணாமப் போயிடும்.

இதை ஞாபகம் வெச்சுக்கங்க. என் கதையில மூடின டீக்கடை இதுதான்.

வெளியாள் ஏன் வந்தார்?

எஃப்டிஸ்க்குக்கு ஒரு குணம். பாகம் பிரிக்கத் தெரியும், பிரிச்ச பாகத்தை மாத்தத் தெரியாது. சி-யைப் பெருசாக்கணும்னா எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்ல இருந்து பிரிக்கணும். 90-கள்ல டிஸ்க் பெருசாச்சு. ஃபேட்16 முறையில ஒரு பாகம் 2 ஜிபிக்கு மேல போக முடியாது. அந்த 2 ஜிபியிலயும் 1 கேபி ஃபைல் வெச்சா 32 கேபி இடத்தை அடைச்சுக்கும். 1996-ல் விண்டோஸ் 95-ஓட திருத்தின பதிப்புல ஃபேட்32 வந்துச்சு. பழசுல இருந்து புதுசுக்கு மாறணும், லினக்ஸுக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கணும், ஆனா உள்ள இருக்குறது அழியக்கூடாது. விண்டோஸோட வந்த எந்தக் கருவியும் இதைச் செய்யல.

அந்த இடைவெளியிலதான் வெளியாட்கள் வந்தாங்க. அமெரிக்காவுல யூட்டா மாநிலத்து பவர்குவெஸ்ட் கம்பெனி பார்ட்டிஷன் மேஜிக்னு ஒண்ணை விட்டாங்க. டேட்டா உள்ள இருக்கும்போதே பாகத்தைச் சுருக்கலாம், நீட்டலாம், நகர்த்தலாம். அந்தக் காலத்துக்கு நிஜமாவே மேஜிக்தான். லினக்ஸ் பக்கம் ஃபிப்ஸ், அப்புறம் பார்ட்டட், ஜிபார்ட்டட்னு வந்துச்சு. பவர்குவெஸ்ட்டை 2003-ல் சைமான்டெக் வாங்கினாங்க. 2004-க்கு அப்புறம் பார்ட்டிஷன் மேஜிக்ல புதுப் பதிப்பு வரவே இல்ல. ஆனா அதுக்கப்புறமும் பல வருஷம் நம்ம ஊர் கம்ப்யூட்டர் கடை சிடி கவர்ல அது இருந்துச்சு.

இதுல சிக்கல் எங்க வருதுன்னா, அந்த 64 பைட் யாரும் உக்காந்து யோசிச்சு எழுதின தர நிர்ணயம் இல்ல. ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்ட்டும் செஞ்சதைப் பாத்து மத்தவங்க செஞ்சாங்க. எழுதாத சம்பிரதாயம் நிறைய. ஒரே எல்லையை அதுல ரெண்டு விதமா எழுதியிருக்கும். ஒண்ணு சிலிண்டர், ஹெட், செக்டர்னு பழைய கணக்கு. இன்னொண்ணு முதல்ல இருந்து இத்தனாவது செக்டர்னு நேர் எண். ரெண்டும் ஒத்துப்போகணும். பழைய கணக்குல 1024 சிலிண்டர், 255 ஹெட், 63 செக்டர்தான் அதிகபட்சம். சுமார் 8.4 ஜிபியோட அது முடிஞ்சு போச்சு. அதுக்கு மேல போற டிஸ்க்குல அந்தக் கட்டத்துல என்ன எழுதுறதுன்னு ஒவ்வொருத்தரும் ஒரு முடிவு எடுத்தாங்க. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிச்சா, 'எல்லை தப்பா இருக்கே'ன்னு தோணும். சும்மா தோணினாப் பரவாயில்ல. சில கருவிகள் 'நான் சரி பண்ணட்டுமா?'ன்னு கேக்கும். நாமளும் நல்ல பிள்ளையா 'எஸ்' அமுக்குவோம். அங்க ஆரம்பிக்கும் சனி.

இதுக்கு நல்ல உதாரணம் 2004 மே மாசம் வந்த ஃபெடோரா கோர் 2. அதுல லினக்ஸ் கெர்னல் 2.6. அந்தக் கெர்னல், டிஸ்க்கோட பழைய ஹெட், செக்டர் கணக்கை பயாஸ்கிட்ட கேட்டுச் சொல்ற வேலையை விட்டுடுச்சு. இன்ஸ்டாலர் தானா ஒரு கணக்கு போட்டு டேபிளைத் திருத்தி எழுதுச்சு. விண்டோஸ் இருந்த மெஷின்ல பக்கத்துல ஃபெடோரா போட்ட நிறைய பேருக்கு விண்டோஸ் கிளம்பல. பதறிப்போய் எல்லாத்தையும் ஃபார்மேட் பண்ணவங்க உண்டு. ஆனா உண்மையில ஒரு ஃபைலும் போகல. பயாஸ்ல எல்பிஏ முறைன்னு மாத்தினாலோ, டேபிள்ல ஹெட் எண்ணிக்கையை 255-ன்னு வெச்சு மறுபடி எழுதினாலோ விண்டோஸ் எழுந்து உக்காந்துச்சு. எல்லைக் கணக்கு தப்பு, நிலம் அப்படியே இருந்துச்சு.

2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்தப்ப இன்னொரு மாற்றம். அதுவரைக்கும் முதல் பாகம் 63-வது செக்டர்ல ஆரம்பிக்கும். விஸ்டா அதை 2048-வது செக்டர்னு, அதாவது சரியா 1 எம்பியில ஆரம்பிச்சுச்சு. பழைய கணக்குல பழகின கருவிகளை அந்த டிஸ்க்குல ஓட்டினா, லாஜிக்கல் டிரைவ் சங்கிலி அறுந்துபோறது சாதாரணமா நடந்துச்சு. அதே விஸ்டாவுலதான் பாகத்தைச் சுருக்குற, நீட்டுற வசதியும் விண்டோஸுக்குள்ளயே வந்துச்சு. வெளியாள் தேவை பாதி அங்கேயே குறைஞ்சு போச்சு. ஆனா அதால பக்கத்துல காலியா இருக்குற இடத்தை வலது பக்கமா மட்டும்தான் சேர்த்துக்க முடியும். மத்ததுக்கெல்லாம் ஜனங்க இன்னும் வெளியாளைத்தான் தேடுறாங்க, என் தம்பி மாதிரி.

அரசு லேப்டாப்பும் நானும்

2011 செப்டம்பர் 15-ல் தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் திட்டத்தை ஆரம்பிச்சாங்க. எல்காட் மூலமா வந்த அந்த லேப்டாப்புல விண்டோஸும் இருக்கும், சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருக்கும். கிளப்பினா எது வேணும்னு கேக்கும். டெபியனை அடிப்படையா வெச்சு செஞ்ச நல்ல லினக்ஸ் அது. ஆனா எங்க பசங்க செட்டுல லேப்டாப் கைக்கு வந்ததும் செய்யுற முதல் காரியம், "அந்த பாஸைத் தூக்குடா, இடம் வேஸ்ட்டு". தூக்கின மறு நிமிஷம் கருப்புத் திரையில 'அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை'ன்னு ஒரு வரி, கீழ கிரப் ரெஸ்க்யூன்னு ஒரு கர்சர். ஏன்னா விண்டோஸைக் கிளப்புற வேலையே கிரப்புதான் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. கிரப்போட மிச்ச உடம்பு பாஸ் பார்ட்டிஷன்ல இருந்துச்சு. வாட்ச்மேனை வேலையை விட்டுத் தூக்கிட்டு, சாவியையும் அவர்கிட்டயே குடுத்து அனுப்பின கதை.

எங்க வீட்டுல அக்காவுக்கு 2012-ல் அந்த லேப்டாப் கிடைச்சுச்சு. 2015-ல் நான் சிதம்பரத்துல இன்ஜினியரிங் சேர்ந்தப்ப அது என் கைக்கு வந்துச்சு. பேட்டரி அப்பவே செத்துப்போச்சு, கரண்ட்டுல சொருகினாத்தான் உயிர்.

அந்த வருஷம் நவம்பர், டிசம்பர்ல கடலூர் மாவட்டத்துல அடிச்ச மழையை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. எங்க தெருவுல ஏறின தண்ணி வீட்டுக்குள்ள முழங்கால் அளவு நின்னுச்சு. கட்டிலுக்கு அடியில தாத்தாவோட டிரங்குப் பெட்டி. தண்ணி வடிஞ்சு பெட்டியைத் திறந்தப்ப உள்ள காகிதம் எல்லாம் கஞ்சி. அதுல ஒண்ணு கூர்ச்சீட்டு.

தெரியாதவங்களுக்கு: சொத்தை அண்ணன் தம்பிங்க பிரிச்சுக்கிட்டதைப் பெரியவங்க முன்னாடி எழுதிக் கையெழுத்துப் போட்டு வெச்சுக்குற காகிதம் கூர்ச்சீட்டு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிவு பண்ண பாகப்பிரிவினைப் பத்திரம்னா அங்க புத்தகத்துல நகல் இருக்கும். கூர்ச்சீட்டுக்கு அதெல்லாம் கிடையாது. இருக்குற காகிதம்தான் எல்லாம். பண்ருட்டி பக்கம் எங்களுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரு முந்திரிக் கொல்லை உண்டு. நடுவுல ஒரு கிணறு, ஒரு வண்டிப்பாதை. கிணறும் பாதையும் பொதுன்னு அந்தச் சீட்டுல எழுதியிருந்துச்சு. பெரியப்பா வீட்டு அண்ணன் அந்த வருஷம்தான் பாதையில முள்வேலி போட்டிருந்தார். "சீட்டுல இருக்குன்னா எடுத்துக் காட்டுங்க சித்தப்பா"ன்னு அப்பாகிட்டயே சொன்னார்.

அக்கா ஒரு நல்ல காரியம் பண்ணி வெச்சிருந்தா. 2013 வாக்குல அந்தச் சீட்டை ஸ்கேன் பண்ணி லேப்டாப்புல டி டிரைவ்ல போட்டு வெச்சிருந்தா. அது இருக்குறது அவளுக்கே மறந்துபோச்சு. எனக்குச் சுத்தமா தெரியாது.

2016 பிப்ரவரி. எனக்கு டி-ல இடம் பத்தல. ஹாஸ்டல் பையன் ஒருத்தன் பென் டிரைவ்ல இருந்த ஒரு பார்ட்டிஷன் சாஃப்ட்வேரை வாங்கிட்டு வந்தேன். பேர் வேண்டாம், தப்பு என்மேலதான். பாஸை அழிச்சு அந்த இடத்தை டி-யோட சேர்க்கச் சொல்லி 'அப்ளை' அமுக்கினேன். ரீஸ்டார்ட் ஆகி, நீலத் திரையில சதவீதம் ஓட ஆரம்பிச்சுச்சு. கரண்ட் போச்சு.

திரும்ப கரண்ட் வந்ததும் கிரப் ரெஸ்க்யூ. விண்டோஸ் சிடி போட்டுப் பாத்தா சி மட்டும் இருக்கு, மிச்சம் எல்லாம் 'ஒதுக்கப்படாத இடம்'. டி இல்ல. அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது அக்கா போன் பண்ணா. "அந்தச் சீட்டை நான் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கேன்டா, இப்பதான் ஞாபகம் வந்துச்சு. டி டிரைவ்ல பாரு."

சோறு இறங்கல.

எண்ணெய் ஊத்தி எடுத்த கதை

மறுநாள் காலையில லேப்டாப்பைக் கட்டிக்கிட்டு பாசஞ்சர் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு மணி நேரம் மாதிரி இருந்துச்சு. கிளாஸ் பசங்க ஆளுக்கு ஒரு யோசனை. "புதுசா ஃபார்மேட் பண்ணுடா, அப்புறம் ரெக்கவரி போட்டுக்கலாம்." "டி-யைத் திரும்ப அதே சைஸ்ல கிரியேட் பண்ணு, வந்துடும்." நல்லவேளையா ஃபைனல் இயர் அண்ணன் ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருந்தார். "டேய், மொதல்ல கைய எடு"ன்னார்.

அவர் சொன்ன விளக்கம்தான் இந்தப் பதிவோட சாரம். "உன் டி எங்கயும் போகல. டி-க்கு வழி சொல்ற செக்டர் மட்டும்தான் போச்சு. ஆனா இனிமே நீ அதுல என்ன எழுதினாலும் அது டி மேலதான் விழும். அதனால மொதல்ல காப்பி. அப்புறம் காப்பியில வைத்தியம்."

சாயந்திரம் அவரோட கீழ வீதி பக்கம் டீ குடிக்கப் போனப்ப கோபுரத்தைக் காட்டி ஒரு கதை சொன்னார். தேவாரம் கிடைச்ச கதை, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். ஓலைச்சுவடி எல்லாம் தில்லைக் கோயில் அறை ஒண்ணுல பூட்டிக் கிடந்துச்சு, சோழ மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து பார்த்தப்ப மேல புற்று மூடியிருந்துச்சுன்னு மரபு. அந்த மன்னர் ராஜராஜன்னு பரவலா சொல்வாங்க. புற்றை இடிக்கல. எண்ணெயை ஊத்திக் கரைச்சு, அரிச்சது போக மிச்சம் இருந்த ஏட்டை எடுத்தாங்களாம். "கடப்பாறையைப் போட்டிருந்தா மிச்சமும் போயிருக்கும்டா"ன்னார். புராணம் எந்த அளவுக்கு வரலாறுங்கிற சண்டைக்கு நான் வரல. அன்னைக்கு எனக்கு அது உறைச்சுச்சு.

பென் டிரைவ்ல லினக்ஸை வெச்சு லேப்டாப்பைக் கிளப்பினார். கடன் வாங்கின ஒரு பெரிய எக்ஸ்டெர்னல் டிஸ்க்குல, லேப்டாப் டிஸ்க்கை முதல் செக்டர்ல இருந்து கடைசி செக்டர் வரைக்கும் அப்படியே நகல் எடுத்தார். ராத்திரி முழுக்க ஓடுச்சு. காலையில நகல்ல டெஸ்ட்டிஸ்க்கை ஓட்டினார். கிறிஸ்டோஃப் கிரெனியேங்கிற பிரெஞ்சுக்காரர் எழுதி இலவசமாக் குடுக்குற நிரல். கருப்புத் திரை, அழகெல்லாம் கிடையாது.

அது என்ன பண்ணுதுன்னா, பார்ட்டிஷன் டேபிளை நம்புறதில்ல. டிஸ்க்கை நடந்து பார்க்குது. என்டிஎஃப்எஸ் பாகம் ஒவ்வொண்ணும் தன்னோட முதல் செக்டர்ல 'நான் இன்னார், என் அளவு இவ்வளவு'ன்னு எழுதி வெச்சிருக்கும். அதே செக்டரோட நகல் பாகத்தோட கடைசியிலயும் இருக்கும். இந்த ரெண்டு கல்லையும் கண்டுபிடிச்சா எல்லை தானா தெரிஞ்சுடும். சர்வேயர் வந்து புதருக்குள்ள பழைய எல்லைக்கல்லைத் தேடி எடுக்குறாருல்ல, அதேதான்.

ஒரு மணி நேரத்துல பச்சை நிறத்துல ஒரு வரி வந்துச்சு. 'பி' அமுக்கினார். என் டி-யோட ஃபோல்டர் எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. அக்கா பேர்ல ஒரு ஃபோல்டர், உள்ள பத்திரம் 1, பத்திரம் 2. டேபிளைத் திருத்துறதுக்கு முன்னாடி அது ரெண்டையும் பென் டிரைவ்ல எடுத்தார். திறந்து பார்த்தேன். தாத்தாவோட கையெழுத்து, சாய்ஞ்ச எழுத்துல 'கிணறும் வண்டிப்பாதையும் பொதுவில்'.

பிரிண்ட் எடுத்து அப்பாகிட்ட குடுத்தேன். அப்பா பெரியப்பா வீட்டுக்குத் தனியாப் போனார். என்ன பேசினாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஒரு வாரத்துல வேலி போச்சு. 2017-ல் ரெண்டு பேரும் சேர்ந்து போய் முறைப்படி பாகப்பிரிவினைப் பத்திரமாவே பதிவு பண்ணிட்டாங்க. அன்னைக்குப் பெரியப்பாதான் எங்க எல்லாருக்கும் சாப்பாடு வாங்கிக் குடுத்தார்.

டிஸ்க்குக்கும் நகல் வந்தது

கம்ப்யூட்டர் உலகமும் கூர்ச்சீட்டுல இருந்து பதிவுப் பத்திரத்துக்கு மாறிடுச்சு. பழைய டேபிளால 2 டெராபைட்டுக்கு மேல கணக்கு எழுத முடியாது. இன்டெல் தொடங்கின இஎஃப்ஐ முறையோட ஜிபிடின்னு புது டேபிள் வந்துச்சு. வழக்கமா 128 பாகத்துக்கு இடம். சங்கிலி கிடையாது, எல்லாம் ஒரே பட்டியல். பட்டியல் கெட்டிருக்கான்னு சரிபார்க்க ஒரு கூட்டுக்கணக்கு. முக்கியமா, முழுப் பட்டியலோட நகல் டிஸ்க்கோட கடைசியில இருக்கும். 2021-ல் வந்த விண்டோஸ் 11 இந்த யூஇஎஃப்ஐ வழியைத்தான் எதிர்பார்க்குது. என் 2016 விபத்து இன்னைக்கு நடந்தா, நகலைப் பார்த்து அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடலாம்.

ஆனா இன்னொரு பக்கம் ஆபத்து கூடியிருக்கு. பழைய ஹார்ட் டிஸ்க் மன்னிக்கும், அழிச்சாலும் மேல எழுதுற வரைக்கும் உள்ள வெச்சிருக்கும். எஸ்எஸ்டி அப்படியில்ல. ஃபார்மேட் அடிச்சதும் 'இந்த இடம் இனி வேண்டாம்'னு டிரிம் கட்டளை போகும், அது உள்ள இருக்குறதைத் துடைச்சிடும். அதோட புது விண்டோஸ் லேப்டாப்ல நமக்கே தெரியாம டிஸ்க்கை பூட்டி வெச்சிருக்கும். ரெக்கவரி கீ கையில இல்லாம பார்ட்டிஷன்ல கை வெச்சா, டெஸ்ட்டிஸ்க் எல்லையைக் கண்டுபிடிச்சாலும் உள்ள இருக்குறதைப் படிக்க முடியாது.

ஞாயித்துக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் கேஸ் என்னுதை விட மோசம். டி-யோட ஆரம்பத்தை வெட்டினதால உள்ள இருந்ததை எல்லாம் நகர்த்தி வெச்சுக்கிட்டு இருந்தப்ப ஹேங் ஆகியிருக்கு. எல்லைக்கல் மட்டும் இல்ல, நிலமே பாதி இடம் மாறின நிலைமை. நகல் எடுத்து, போட்டோரெக்ல சலிச்சதுல போட்டோ பாதிக்கு மேல வந்துச்சு, பேர் இல்லாம, தேதி இல்லாம. காலேஜ் ப்ராஜெக்ட் மட்டும் அவனே எப்பவோ மெயில்ல அனுப்பி வெச்சிருந்தான். மிச்சம் போனது போனதுதான். சித்தி காபி குடுத்துட்டு, "எல்லாம் வந்துடுச்சாப்பா?"ன்னாங்க. "பாதி வந்துச்சு சித்தி"ன்னேன்.

அதனால மக்களே, நாலு விஷயம். பார்ட்டிஷன்ல கை வெக்கிறதுக்கு முன்னாடி வேற டிஸ்க்குல ஒரு நகல். முடிஞ்ச வரைக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட சொந்தக் கருவி. சார்ஜர் சொருகி, பேட்டரி நிறைஞ்சிருக்கான்னு பார்த்துட்டு 'அப்ளை'. அதுக்கப்புறமும் டிரைவ் காணாமப் போச்சுன்னா எதையும் எழுதாதீங்க, ஃபார்மேட் பண்ணவான்னு கேட்டா 'நோ' சொல்லுங்க, மொதல்ல கைய எடுங்க.

அந்த ஃபைனல் இயர் அண்ணன் இப்ப வெளிநாட்டுல இருக்கார். பொங்கலுக்கு மெசேஜ் பண்ணேன். "பேக்கப் எடுத்தியாடா?"ன்னு பதில் வந்துச்சு.

டிஸ்கி: வீட்டுல பதிவு பண்ணாத கூர்ச்சீட்டு ஏதாவது பெட்டியில கிடந்தா, இந்தப் பதிவை மூடிட்டு மொதல்ல அதை ஸ்கேன் பண்ணுங்க. ரெண்டு இடத்துல வைங்க :)